பெட்டியில் 525 மடங்கு, கண்ணில் 70 மடங்கு: வள்ளியூர் மொட்டைமாடியில் ஒரு டெலஸ்கோப்

இந்த டெலஸ்கோப்பை நான் வானியல் ஆர்வத்தில் வாங்கவில்லை. ஒரு பந்தயத்துக்காக வாங்கினேன். போன ஆவணியில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணாச்சி (மளிகைக்கடை வைத்திருக்கிறார், ராத்திரி கடை அடைத்ததும் நேராக எங்கள் மாடிக்குத்தான் வருவார்) நிலாவைப் பார்த்துக்கொண்டே, "அமெரிக்காக்காரன் அங்க கொடி நட்டது நிசம்னா ஒரு நல்ல டெலஸ்கோப்புல தெரியணும்லா?" என்றார். தெரியாது என்றேன். ஏன் தெரியாது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீடு முழுக்கப் பரோட்டா பந்தயம் என்று முடிவாகி, அன்றைக்கு ராத்திரியே போனில் ஆர்டர் போட்டுவிட்டேன். விலை 7,400 ரூபாய். பரோட்டா வாங்கிக் கொடுத்திருந்தால் அறுநூறோடு போயிருக்கும்.

பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை நிறைய சொல்லப்போகிறேன், அதனால் வேண்டாம். முன்பக்க லென்ஸ் 70 மி.மீ. அகலம், குவியத்தூரம் (லென்ஸிலிருந்து வெளிச்சம் ஒன்றுகூடும் இடம் வரை உள்ள தூரம்) 700 மி.மீ., அலுமினிய டிரைபாட், 25, 10, 4 மி.மீ. என்று மூன்று ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்), உருவத்தை இன்னும் 3 மடங்காக்கும் ஒரு பார்லோ லென்ஸ், வெளிச்சத்தை 90 டிகிரி திருப்பும் டயகனல், மேலே ஒட்டிக்கொள்ளும், குறிபார்ப்பதற்கான குட்டி ஃபைண்டர். பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று தங்க நிறத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்திலேயே வளையத்தோடு சனிக் கிரகத்தின் படம். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே எனக்கு வினையாக முடிந்தன.

525 எப்படி வந்தது என்று பார்த்தால் கணக்கில் பொய் இல்லை. குவியத்தூரத்தை ஐபீஸின் அளவால் வகுத்தால் உருப்பெருக்கம். 700ஐ 4ஆல் வகுத்தால் 175, அதற்கு மேல் 3 மடங்கு பார்லோ, ஆக 525. ஆனால் லென்ஸின் அகலம் ஒவ்வொரு மி.மீ.க்கும் இரண்டு மடங்கு என்பதுதான் நடைமுறை வரம்பு. 70 மி.மீ. லென்ஸுக்கு 140 தாண்டினால் படம் பெரிதாகும், தெளிவு வராது. செல்போன் போட்டோவை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குவோமே, அதே கதிதான். 4 மி.மீ. ஐபீஸை நான் இரண்டு தடவை போட்டேன். அதன் ஓட்டை ஊசித் துவாரம் மாதிரி, கண்ணிமை முடி லென்ஸில் உரச வேண்டும், அப்படியும் தெரிவது ஒரு பழுப்புக் கலங்கல். பார்லோவின் உள்ளே இருப்பது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று எங்களுக்குள் தனியாக ஒரு சண்டை நடந்தது. ஆக, காசு கொடுத்து வாங்கியதில் பாதி சாமான் டப்பாவை விட்டு வெளியே வருவதில்லை. 25 மி.மீ. (28 மடங்கு), 10 மி.மீ. (70 மடங்கு), இந்த இரண்டு ஐபீஸுக்காகத்தான் இது டெலஸ்கோப்.

முதல் நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஃபைண்டரைச் சரிசெய்துவிடுங்கள். ராத்திரியில் நட்சத்திரத்தை வைத்துச் செய்யலாம் என்று நினைத்தால் தூக்கம் போய்விடும். தூரத்தில் அசையாமல் நிற்கும் ஏதாவது ஒன்றைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து, அதே பொருள் ஃபைண்டரின் நடுவிலும் வரும்வரை திருகாணிகளைத் திருக வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மேற்கே பணகுடிப் பக்கம் திரும்பினால் காற்றாலைகள்தான். ஒன்றைப் பிடித்தேன். 70 மடங்கில் இறக்கை முனையில் இருக்கிற அழுக்குக்கோடுகூடத் தெரிந்தது, அசந்துவிட்டேன்.

அங்கேதான் முதல் சண்டை. டெலஸ்கோப்பில் பார்த்தால் காற்றாலை வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, வெறும் கண்ணால் பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. டயகனலுக்குள் இருக்கும் கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும், சரி. ஆனால் என் தங்கை மாப்பிள்ளை காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவர், வாரத்தில் நாலு நாள் அதன் உச்சியில் ஏறி இறங்குபவர், "எல்லாம் வலஞ்சுழிதான் மச்சான், உங்க வெறுங்கண்ணுலதான் கோளாறு" என்று அடித்துச் சொன்னார். இருபது நிமிஷம் போனது. கடைசியில் அவர் மகள், அதாவது என் மருமகள் (கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருஷம்), தாத்தாவின் பனையோலை விசிறியைச் சுற்றிக் காட்டித் தீர்த்துவைத்தாள். காற்று வரும் பக்கம் நின்று பார்த்தால் வலஞ்சுழி. தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது, காற்றாலையின் முகம் மேற்கே இருக்கிறது, நாம் கிழக்கே நின்று அதன் முதுகைப் பார்க்கிறோம், அதனால் இடஞ்சுழி. கண்ணாடி அதைத் திரும்பவும் புரட்டி வலஞ்சுழி ஆக்குகிறது. மாப்பிள்ளை சொன்னதும் சரி, என் கண்ணும் சரி.

அதே காற்று டெலஸ்கோப்பையும் சும்மா விடவில்லை. டிரைபாட் கால்கள் முருங்கைக் குச்சி மாதிரி. ஆவணிக் காற்றில் நிலா ஐபீஸுக்குள் ஊஞ்சல் ஆடியது. ஃபோகஸ் சக்கரத்தைத் தொட்டால்கூட ஆட்டம் அடங்க நாலைந்து விநாடி ஆகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது: டிரைபாட்டின் நடுத்தட்டுக்குக் கீழே ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், கால்களையும் பாதிதான் நீட்டினேன். முக்கால்வாசி ஆட்டம் நின்றது. பாதி நீட்டினால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது உபரி லாபம். கைப்பிடிச் சுவர் காற்றைத் தடுக்கும் மூலையில் வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சில பெட்டிகளில் ஐபீஸில் திருகிக்கொள்கிற கரும்பச்சைக் கண்ணாடி ஒன்று 'சூரியன்' என்று எழுதி வரும். எனக்கும் வந்தது. அதை நம்பிச் சூரியனைப் பார்க்கவே பார்க்காதீர்கள். முன்பக்க லென்ஸ் குவிக்கிற மொத்த வெயிலும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழுகிறது, சூட்டில் அது பிளந்தால் அடுத்த நொடி உங்கள் கண். நான் அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். சூரியனைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கொடைக்கானலில் 1899 முதல் அதையே வேலையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகம் இருக்கிறது, போய் வாருங்கள், குளுகுளுவென்றும் இருக்கும்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, முழுச் சந்திர கிரகணம். பந்தயத்தை அன்றைக்குத்தான் வைத்திருந்தோம். அத்தை அரிசிப்பானையிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பை போட்டுவிட்டுக் கீழேயே இருந்துகொண்டார். மாடியில் நாங்கள் ஆறு பேர். கிரகணம் தொடங்கும் முன்னால் அண்ணாச்சிதான் முதலில் பார்த்தார், பார்த்த வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். பௌர்ணமி நிலா டெலஸ்கோப்புக்கு ஆகவே ஆகாது. நேர் வெளிச்சத்தில் நிழலே இல்லாததால் பள்ளம் மேடு எதுவும் தெரியாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும், கண்ணும் கூசும். பள்ளங்களைப் பார்க்க வளர்பிறை ஏழு, எட்டாம் நாள்தான் சரி. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோட்டின் ஓரமாகப் போனால் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் நிழல் கிடக்கும், அங்கேதான் இந்த 7,400 ரூபாய் வசூலாகிறது.

கொடி தெரியவில்லை. முதல் கொடியை நட்டதாகச் சொல்லப்படுகிற அமைதிக் கடல் (பெயர்தான் கடல், நிலாவில் கறுப்பாகத் தெரியும் ஒரு சமவெளி) தெரிந்தது, அவ்வளவுதான். மருமகள் அண்ணாச்சி கடைப் பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டாள். 70 மி.மீ. லென்ஸால் பிரித்துக் காட்ட முடிகிற மிகச் சின்னக் கோணம் சுமார் 1.65 விகலை (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு விகலை). 3,84,400 கி.மீ. தூரத்தில் அது கிட்டத்தட்ட 3 கி.மீ. அதாவது வள்ளியூர் பஸ் ஸ்டாண்டையும் ரயில்வே ஸ்டேஷனையும் நடுவில் இருக்கிற அத்தனை கடையையும் அள்ளி நிலாவில் வைத்தாலும் நமக்கு ஒரு புள்ளி. கொடியின் நீளம் ஒன்றரை மீட்டர். அது வெறும் புள்ளியாகத் தெரிவதற்கே சுமார் 140 மீட்டர் அகலக் கண்ணாடி வேண்டும். காவலூரில் இருக்கும் பெரிய டெலஸ்கோப் 2.34 மீட்டர், சிலியில் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் உலகத்திலேயே பெரியது 39 மீட்டர். பூமியில் இருந்துகொண்டு யாருக்கும் தெரியாது. பக்கத்தில் போனால்தான் உண்டு. 2009இல் போன அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் நிலாவைச் சுற்றிவந்து, மனிதர்கள் இறங்கிய இடங்களைப் படம் எடுத்தது. நம்முடைய சந்திரயான்-2ம் நூறு கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு, 2023 ஆகஸ்ட் 23இல் இறங்கிய சந்திரயான்-3ன் லேண்டரைப் படம் பிடித்தது.

அண்ணாச்சி பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொடி தெரியலைன்னுதான் காட்டின, இருக்குன்னு காட்டலையே தம்பி" என்றார். அதில் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. பரோட்டா இன்னும் வரவில்லை.

இரவு 11 மணிக்கு நிலா முழுசாக மறைந்து செப்புத் தவலை நிறத்துக்கு வந்தது. 28 மடங்கில் பார்த்தேன். மேகம் நடுவில் நடுவில் வந்து கெடுத்தாலும், அந்தச் சிவப்பு உருண்டை பின்னால் நட்சத்திரங்களோடு அந்தரத்தில் தொங்கியதை இன்னும் மறக்கவில்லை. பூமியைச் சுற்றி அந்த நேரத்தில் நடக்கிற எல்லாச் சூரிய உதயமும் அஸ்தமனமும் வளைந்து போய் நிலா மேல் விழுகிற நிறம் அது என்று மருமகள் சொன்னபோது யாரும் சண்டைக்கு வரவில்லை. அன்றைக்கு அது ஒன்றுதான் அப்படி.

அப்புறம் சனி. கிரகணத்தின்போது நிலாவுக்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. பெட்டியில் இருக்கும் படத்தை மனதில் வைத்துக்கொண்டு 10 மி.மீ. ஐபீஸைப் போட்டுத் திருப்பினேன். வளையம் இல்லை. ஒரு மஞ்சள் பொட்டு, குறுக்கே மெல்லிசாக ஊசி குத்தின மாதிரி ஒரு கோடு. ஃபோகஸை முன்னும் பின்னும் திருகினேன், லென்ஸைத் துடைத்தேன், அதே ஊசிதான். பெரியப்பா (மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்) பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டான்டே" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை முதல் வேலையாகத் திருப்பி அனுப்பப் பதிவு செய்தேன். காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது: அளவு பொருந்தவில்லை, நிறம் வேறு, படத்தில் காட்டியது போல் இல்லை. மூன்றாவதைத் தட்டினேன். விற்ற கடையின் சேவைப் பிரிவிலிருந்து, "பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து பார்த்தீர்களா?" என்று பதில். இதில் பேட்டரியே கிடையாது.

எடுத்துப்போக ஆள் வருவதற்குள் மருமகள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். சனியின் வளையம் சுமார் 15 வருஷத்துக்கு ஒருமுறை விளிம்பைக் காட்டித் திரும்புகிறது. தோசைக்கல்லைப் பக்கவாட்டில் பார்ப்பது போல. அது 2025 மார்ச்சில் நடந்தது, அந்த வருஷம் முழுக்க வளையம் கோடாகத்தான் தெரியும். நான் பார்த்துப் பார்த்து அந்த வருஷத்தில் போய் வாங்கியிருக்கிறேன். இதே மாதிரி 1612இல் கலிலியோவும் சனியைப் பார்த்து, முன்பு பக்கத்தில் தெரிந்த இரண்டு உருண்டைகளையும் காணோமே என்று குழம்பிப்போனார். அது வளையம் என்றே அவருக்குத் தெரியாது, 1650களில் ஹைகன்ஸ் என்கிற டச்சு வானியலாளர்தான் அதைச் சொன்னார். கலிலியோவுக்குத் திருப்பி அனுப்பும் வசதி இல்லாமல் போனது நல்லதுதான். பெட்டியை எடுக்க வந்த தம்பிக்கு டீ கொடுத்து, காற்றாலையைக் காட்டி அனுப்பிவைத்தோம். ஆகவே கடைப் பக்கத்தில் சனியின் வளையம் தெரியவில்லை என்று எழுதி இதற்கு ஒரு ஸ்டார் போட்டவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். இனி வருஷத்துக்கு வருஷம் வளையம் விரியும், 2032 வாக்கில் முழுசாகத் தெரியும்.

இந்த டெலஸ்கோப் வந்தபிறகு சண்டை தீரும் என்று நினைத்தேன். கூடித்தான் போனது. கொடியில் தொடங்கி ஹீலியம்-3 என்கிற லேசான ஹீலியம் வகைக்குப் போய்விட்டது. நிலா மண்ணில் இருக்கும் அதை அள்ளிவந்து அணுக்களை இணைத்து மின்சாரம் எடுத்தால் கூடங்குளமும் வேண்டாம், காற்றாலையும் வேண்டாம் என்று மருமகள் எங்கோ படித்துவிட்டு வந்தாள். அவளேதான் மறுவாரம், அது நூறு கோடியில் சில பங்குதான் இருக்கிறது, மலை மலையாக மண்ணைச் சலிக்க வேண்டும், அதை எரிக்க இப்போது முயல்கிற இணைப்பைவிட அதிகச் சூடு வேண்டும் என்றும் சொன்னாள். ஆனாலும் விடவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அணு இணைப்புச் சோதனை ஒன்றில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலை உள்ளே விட்டு 3.15 வெளியே எடுத்தார்களே என்றாள். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏ பிள்ள, மீட்டரை எங்க மாட்டுனான்?" என்று கேட்டார். லேசர் வாயிலா, கரண்ட் கம்பத்திலா? அவள் தேடிப் பார்த்தாள். அந்த லேசரை ஒருதரம் சுடுவதற்குக் கரண்ட் கம்பத்திலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். முப்பது வருஷம் மீட்டர் பார்த்த மனுஷனிடம் கணக்கைக் கொண்டுபோகக் கூடாது.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. காற்றாலையை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டார், "காத்து நின்னா உங்க ஆலை வெறும் பனைமரம்" என்பார். மாப்பிள்ளை, ஆடியில் ஓடுகிற ஓட்டத்தைச் சேமித்துவைக்க வழி பண்ணாதது யார் குற்றம் என்பார். உடனே பெரியப்பா கடம்பாறை நீர்மின் நிலையத்தை எடுப்பார்: மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறோமே, நாற்பது வருஷத்துக்கு முந்தைய யோசனை, உங்கள் லித்தியம் பேட்டரி எல்லாம் நேற்றுப் பிறந்தது. இதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கடம்பாறை கொஞ்சம் உயரமாகிக்கொண்டே போகிறது.

எனக்குப் பிடித்த சண்டை குலசேகரன்பட்டினம் பற்றியது. இங்கிருந்து பக்கம்தான். எதற்கு இன்னொரு ராக்கெட் தளம், ஸ்ரீஹரிகோட்டா போதாதா என்று அண்ணாச்சி கேட்டார். துருவச் சுற்றுப்பாதைக்கு நேர் தெற்கே ஏவ வேண்டும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை, அதனால் ராக்கெட் வளைந்து போகிறது, வளைவதில் எரிபொருள் வீணாகிறது, சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையில் நின்றால் எதிரே வெறும் கடல். அடிக்கல் 2024 பிப்ரவரியில் போட்டாயிற்று. இதைக் கேட்ட மருமகள் ஒரு துணுக்கை எடுத்துவிட்டாள். அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையிலேயே குடியிருந்து எழுதியவர், 1945இலேயே பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்களை வைத்துத் தகவல் தொடர்பு நடத்தலாம் என்று கட்டுரை எழுதியவர் (தெருவில் எல்லா டிடிஎச் குடையும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறதே, அதற்கு அவர்தான் முன்னோடி). விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிற மாதிரி 1979இல் ஒரு நாவல் எழுதினார். லிஃப்ட்டுக்குப் பூமத்திய ரேகையில் இடம் வேண்டும், அதனால் கதையில் இலங்கையையே 800 கி.மீ. தெற்கே நகர்த்திவிட்டார். இஸ்ரோவுக்கு அந்த வசதி இல்லை, அதனால் தளத்தை நகர்த்துகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "லிஃப்ட்டுல கரண்ட் போனா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி ஆனது.

சரி, பொருளுக்கு வருகிறேன். டயகனலில் ஐபீஸை இறுக்கும் குட்டித் திருகாணி இரண்டாம் மாதமே மரை தேய்ந்துவிட்டது, சைக்கிள் கடையில் வேறு ஒன்று போட்டுக்கொண்டேன், பத்து ரூபாய். ஃபைண்டர் பெயருக்குத்தான். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை வரும், கூடவே வந்த பையில் வைக்காமல், அரிசி டப்பாவில் போடும் சிலிக்கா பொட்டலம் நாலு சேர்த்து மூடி போட்ட வாளியில் வைக்கிறேன். போன் மாட்டும் தாங்கி ஒன்று இனாமாக வந்தது, அதில் போனை மாட்டினால் குழாயே தலைகுப்புறச் சாய்கிறது.

ஆனால் 2026 ஜனவரி 10ஐ ஒட்டி வியாழன் வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வந்திருந்தபோது அதைப் பார்த்தோம். 70 மடங்கில் தட்டையான சின்ன வட்டு, குறுக்கே இரண்டு மங்கலான பட்டை, ஒரே கோட்டில் நாலு துணைக்கோள். எட்டு மணிக்குப் படம் வரைந்துவைத்துப் பதினொரு மணிக்குத் திரும்பப் பார்த்தால் நாலில் வியாழனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் அயோ இடம் மாறியிருக்கிறது. அந்த வெளிச்சம் கிளம்பி 35 நிமிஷம் கழித்துத்தான் நம் மாடிக்கு வருகிறது, 1676இல் ரோமர் என்பவர் இதே அயோ கிரகணம் சில மாதங்களில் தாமதமாக வருவதைப் பார்த்துத்தான் ஒளிக்கு வேகம் உண்டு என்று பிடித்தார். அவர் கையில் இருந்தது இதைவிடத் தேவலை என்று சொல்ல முடியாது. பெரியப்பா அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காமல் அரைமணி நேரம் நாற்காலியை யாருக்கும் விடவில்லை.

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். அரை ஸ்டார் 525க்காகக் குறைத்தேன், ஒன்று டிரைபாட்டுக்காக. தனியாக இருப்பவர்கள் வாங்கினால் ரெண்டு மாதத்தில் பரணுக்குப் போய்விடும் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி நேற்றுகூட, 140 மீட்டர்க் கண்ணாடிக்குத் தவணை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.